வசந்தகாலத்து ஏரியும் கெளுத்தியின் சாப்பாடும்

கெளுத்தி எதைத் தின்னும் என்று அமெரிக்கத் தூண்டில்காரர்களைக் கேட்டால், பெரும்பாலோர் கிடைத்ததையெல்லாம் தின்னும் என்பார்கள். கோழி ஈரல், நாறிப்போன பாலாடைக்கட்டி, ஹாட்டாக் துண்டு, ஏன், சலவை சோப்பில்கூடப் பிடித்திருக்கிறார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி மார்ச் மாதத்தில் ஏரிக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப நிறைய வாய்ப்பு உண்டு. கெளுத்தியால் எதைத் தின்ன முடியும் என்பது ஒரு கேள்வி. இந்த வாரம் அது எதைத் தின்றுகொண்டிருக்கிறது, எங்கே வைத்துத் தின்கிறது என்பது இன்னொரு கேள்வி. வசந்தத்தில் மீன் பிடிக்க இந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

எல்லா ஏரியும் ஒன்றுபோல் இருக்காது என்பதால் ஒரு ஏரியை வைத்தே பேசுவோம். டெக்சாஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் நடுவே, ரெட் ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த டெனிசன் அணையால் உருவானது டெக்ஸோமா ஏரி. ரெட் ஆறு ஒரு பக்கமிருந்தும் வாஷிட்டா ஆறு இன்னொரு பக்கமிருந்தும் வந்து சேர்கின்றன. பரப்பு ஏறக்குறைய 89,000 ஏக்கர், அதாவது மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டல்லாஸிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் அந்தப் பக்கத்துத் தமிழர்கள் பலருக்கும் தெரிந்த ஏரி. 2004 ஜனவரியில் ஒருவர் இதன் கரையில் நின்றபடியே 121.5 பவுண்டு, அதாவது 55 கிலோ எடையுள்ள புளூ கெளுத்தியைப் பிடித்தார். அப்போது அது உலக சாதனை. படகு இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று கெளுத்தி, மூன்று வாய்

ஏரியில் இருப்பது ஒரே கெளுத்தி அல்ல. முக்கியமானவை மூன்று: சானல், புளூ, ஃபிளாட்ஹெட். தூண்டிலில் ஏறியதும் எது என்று பார்க்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் மூன்றுக்கும் பிடிப்பு விதிகளும் ஒன்றல்ல, சாப்பாடும் ஒன்றல்ல.

ஃபிளாட்ஹெட்டை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். தலை தட்டையாக இருக்கும், கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், வாலில் பிளவு இருப்பதே தெரியாது. சானலுக்கும் புளூவுக்கும்தான் பலர் குழம்புவார்கள். இரண்டுக்கும் வால் பிளந்திருக்கும். சின்ன சானலின் உடம்பில் கரும்புள்ளிகள் இருக்கும், ஆனால் மீன் பெரிதாகும்போது அவை மறைந்துவிடும் என்பதால் புள்ளியை நம்பாதீர்கள். வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால் இருக்கும் அடித்துடுப்பைப் பாருங்கள். அதன் விளிம்பு வளைந்திருந்தால் சானல். சீப்பின் விளிம்புபோல நேராக வெட்டியிருந்தால் புளூ.

ஃபிளாட்ஹெட் உயிருள்ள மீனைத் தின்பதையே விரும்பும். மூழ்கிய மரத்தடியில் பதுங்கியிருந்து, பக்கத்தில் வரும் மீனை ஒரே வாயில் இழுத்துக்கொள்ளும். அதற்குக் கோழி ஈரலைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பலனில்லை. தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது இது கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும், அதனால் வசந்தத்தின் முதல் பாதியில் ஃபிளாட்ஹெட்டை மறந்துவிடுங்கள்.

சானல்தான் ‘எதையும் தின்னும்’ என்ற பெயரை மற்ற இரண்டுக்கும் வாங்கிக்கொடுத்த மீன். பூச்சி, மண்புழு, கிரேஃபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கி இறால், சின்ன மீன், செத்த மீன், பாசி, விதை எல்லாம் அதன் வயிற்றில் இருக்கும். மே மாதத்தில் மல்பெரி மரங்கள் பழுக்கும்போது, தண்ணீரின் மேல் சாய்ந்திருக்கும் மரத்தடியில் சானல்கள் கூடி, விழும் பழங்களைத் தின்னும். மல்பெரிப் பழத்தைத் தூண்டில் முள்ளில் குத்திப் போட்டு மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், வேலை செய்யும்.

புளூ சின்ன வயதில் பூச்சி புழு தின்று வளரும். கொஞ்சம் பெரிதானதும் மீனுக்கும் சிப்பிக்கும் மாறிவிடும். டெக்ஸோமாவில் 2009-இல் ஜீப்ரா சிப்பி என்ற அயல் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்திலேயே அதுதான் முதல் ஏரி. குழாய்களை அடைத்து, படகின் அடியில் ஒட்டிக்கொண்டு மனிதர்களுக்குத் தலைவலியாக இருக்கும் அந்தச் சிப்பியைப் புளூ ஓட்டோடு விழுங்கிவிடும். சிப்பி தின்ற புளூவின் வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தால் ஓடுகள் உள்ளே நறநறவென்று உரசுவது விரலுக்குத் தெரியும். வயிறு அப்படி இருந்தால், அந்த மீன் கல்லும் சிப்பியும் நிறைந்த கடினமான அடித்தரையில் மேய்ந்துவிட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தூண்டிலை எங்கே போடுவது என்று அந்த வயிறே சொல்லிவிடுகிறது.

உடம்பெல்லாம் நாக்கு

கெளுத்திக்குச் செதில் கிடையாது. வழுவழுப்பான அந்தத் தோல் முழுவதும் சுவை மொட்டுகள் இருக்கின்றன. வாலில்கூட உண்டு. மிக அடர்த்தியாக இருப்பது வாயைச் சுற்றியுள்ள நான்கு ஜோடி மீசைகளில். பெரிய சானலின் உடம்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுவை மொட்டுகள் இருக்கும். கலங்கலான தண்ணீரிலும் நள்ளிரவு இருட்டிலும் அது இரையைத் தேடிக் கண்டுபிடிப்பது இப்படித்தான். மூக்கும் கூர்மையானது.

தண்ணீரில் கரையும் அமினோ அமிலங்கள்தான் அதற்குத் ‘சாப்பாடு இருக்கிறது’ என்ற செய்தி. புதிதாக வெட்டிய மீனின் ரத்தத்திலும் குடலிலும் அவை ஏராளமாகக் கசியும். கெட்டுப்போன இரைதான் கெளுத்திக்குப் பிடிக்கும் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. கடைகளில் டப்பாவில் விற்கும் நாற்ற இரைகள் சானலைப் பிடிக்க உதவும், குறிப்பாக வெயில் ஏறிய பிறகு. பெரிய புளூ வேண்டுமென்றால், என் கருத்தில், புதிய மீன் துண்டுக்கு ஈடாக எதுவும் இல்லை.

காதும் சாதாரணமில்லை. காற்றுப்பையில் படும் அதிர்வைச் சின்னச் சின்ன எலும்புகள் உள்காதுக்குக் கடத்துகின்றன. படகுத் தளத்தில் கனமான பெட்டியைத் தொப்பென்று போடாதீர்கள்.

வெப்பமானியைப் பாருங்கள், காலண்டரை அப்புறம் பார்க்கலாம்

மீன் குளிர்ரத்தப் பிராணி. சுற்றியுள்ள தண்ணீர் குளிர்ந்தால் உடம்பும் குளிரும், செரிமானம் மந்தமாகும், பசி குறையும். கெளுத்தி வளர்க்கும் பண்ணைக்காரர்கள் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்துத்தான் தீனியைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஏரியிலும் இதே கணக்குதான், தீனி போட ஆள் இல்லை என்பதைத் தவிர.

குளிர்காலத்தின் கடைசியில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் வசந்தத்தின் முதல் விருந்து அங்கேதான் தயாராகிறது. இந்த ஏரியில் கெளுத்திக்கு அன்றாடச் சோறு ஷாட் என்ற மீன். நம் மத்திக்கு உறவு: வெள்ளி நிறம், தட்டையான உடம்பு, கூட்டமாகத் திரியும். இதில் கிஸ்ஸர்ட் ஷாட், த்ரெட்ஃபின் ஷாட் என்று இரண்டு வகை உண்டு. த்ரெட்ஃபினுக்குக் குளிர் ஆகாது. தண்ணீர் 6 செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதக்கும். காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கரையில் ஒதுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கும். குளிரிலும் ஓரளவு சுறுசுறுப்பாக இருக்கும் புளூ, அந்த ஒதுக்குகளுக்கு வந்து வயிறு புடைக்கத் தின்னும். கடற்பறவைகள் ஏரியின் ஒரு மூலையில் மட்டும் வட்டமிட்டுத் தண்ணீரில் கொத்திக்கொண்டிருந்தால், கீழே என்ன நடக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மார்ச்சில் தண்ணீர் 10 செல்சியஸைத் தாண்டும். படகில் மீன் தேடும் கருவிகளில் 50 ஃபாரன்ஹீட் என்று காட்டும். முதலில் சூடாவது ஆழம் குறைந்த இடங்கள், அதிலும் ஏரியின் வடக்குக் கரை. வடக்குக் கரையில் இருக்கும் மேடும் மரங்களும் குளிர்ந்த வாடைக்காற்றைத் தடுக்கும், வெயிலும் அங்கே நேராக விழும். தெற்கிலிருந்து இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பான காற்று அடித்தால், அது மேல்மட்டத்துச் சூடான தண்ணீரையும் கூடவே மிதவை உயிர்களையும் வடக்குக் கரைக்குத் தள்ளும். மிதவை உயிரைத் தின்ன ஷாட் வரும், ஷாட்டைத் தின்ன கெளுத்தி வரும். காற்று முகத்தில் அறையும் கரையில் உட்கார யாருக்கும் பிடிக்காதுதான். ஆனால் சாப்பாடு அங்கே இருக்கிறது.

மீன் பிடிக்க விடியற்காலையில்தான் போக வேண்டும் என்ற பழக்கத்தை மார்ச்சில் விட்டுவிடுங்கள். இரவு முழுக்கக் குளிர்ந்த ஆழமற்ற தண்ணீர், பகலெல்லாம் வெயில் வாங்கி மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் சூடாகும். இரண்டு டிகிரி கூடினாலே போதும், அதுவரை சும்மா கிடந்த மீன் மேட்டுப் பக்கம் வந்து மேயத் தொடங்கும். காலையில் நன்றாகத் தூங்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம்.

மழை பெய்தால் கணக்கு மாறும். ஓடைகள் பெருகி ஏரியில் கலக்கும் வாய்களில் கலங்கல் தண்ணீர் மண்புழு, வண்டு, பூச்சி, அழுகிய செடி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். சானல்கள் அதை நோக்கி வரிசைகட்டும். வெயிலில் காய்ந்திருந்த நிலத்தின் மேல் புதுத்தண்ணீர் முட்டிக்கால் ஆழத்துக்கு ஏறியிருந்தாலும் பயமில்லாமல் அங்கே வந்து மேயும். ஏரிக்குப் புதியவர்கள் நடு ஏரியை நோக்கி எட்டிய மட்டும் எறிவார்கள். இந்த நாட்களில் மீன் அவர்களுக்கும் தூண்டில் விழுந்த இடத்துக்கும் நடுவே இருக்கும். அன்றைக்கு மண்புழுவே போதும், அதுதான் ஏரிக்குள் வந்துகொண்டிருக்கிறது.

ஏப்ரலில், தண்ணீர் 16, 17 செல்சியஸ் ஆனதும், கிஸ்ஸர்ட் ஷாட் முட்டையிடக் கரைக்கு வரும். இரவிலும் விடியலிலும் கற்களின் மேலும் செடிகளின் மேலும் கூட்டமாகப் புரண்டு, ஒட்டும் முட்டைகளை இறைக்கும். கரையோரம் தண்ணீர் சலசலவென்று கொதிப்பது காதில் விழும். அப்போது நேரத்தை மறுபடி மாற்றிக்கொள்ளுங்கள்: விடிவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறியதும் ஷாட் ஆழத்துக்குப் போய்விடும், பின்னாலேயே கெளுத்தியும் போய்விடும். என்னைக் கேட்டால் ஆண்டிலேயே கரையிலிருந்து பிடிக்க மிகச் சிறந்த நாட்கள் இவைதான்.

21 செல்சியஸ் தாண்டி 27-ஐ நெருங்கும்போது கெளுத்தியே முட்டையிடத் தயாராகிவிடும். டெக்ஸோமாவில் மே கடைசி, ஜூன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண் மீன் ஒரு பொந்தைத் தேடிச் சுத்தம் செய்யும்: மரப்பொந்து, பாறை இடுக்கு, அணைக்கரையில் கொட்டிய கற்களின் இடைவெளி. பண்ணைகளில் இதற்காகவே பழைய பால் கேன்களைக் குளத்தில் அமிழ்த்தி வைப்பார்கள். பெண் முட்டையிட்டதும் ஆண் அதை விரட்டிவிட்டு, குஞ்சு பொரிக்கும்வரை தானே காவல் இருக்கும், துடுப்பால் விசிறித் தண்ணீரை ஓடவிடும். அந்த நாட்களில் ஆண் மீன் சாப்பாட்டைத் தேடிப் போகாது. அதனால் தூண்டில்காரர்கள் முட்டைக்கு முந்திய வாரங்களைத்தான் குறிவைப்பார்கள், ஏனென்றால் அப்போதுதான் ஆணும் பெண்ணும் வரப்போகும் பட்டினிக்கும் உழைப்புக்கும் சேர்த்துத் தின்னும்.

இரையை முள்ளில் ஏற்றுவது

ஷாட் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவில் இதற்கும் நம் ஊர் வீச்சுவலைதான். கரையோரத்தில் வெள்ளி மினுங்கினால் ஒரு வீச்சு. ஷாட்டை அடையாளம் காண முதுகுத் துடுப்பைப் பாருங்கள். கடைசிக் கதிர் மட்டும் நூல்போல நீண்டு தொங்கும். வாளியில் போட்டால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே நேராக ஐஸில் போடுங்கள். ஐஸ் உருகிய தண்ணீரில் ஊறவிடாதீர்கள், சதை கொழகொழவென்று ஆகி முள்ளில் நிற்காது. உறையவைத்த ஷாட்டிலும் இதே தொல்லை உண்டு.

உள்ளங்கை நீளமுள்ள ஷாட் என்றால் செவுளுக்குப் பின்னால் சாய்வாக ஒரு வெட்டு, வால் பக்கம் ஒரு வெட்டு. வால் தூக்கி எறிய. நடுத்துண்டு நல்ல இரை. தலைத்துண்டு அதைவிட நல்ல இரை, ஏனென்றால் குடலும் ரத்தமும் அதோடு தொங்கும். சின்ன மீன்கள் எளிதில் பிய்த்துக்கொண்டும் போகாது. தலைத்துண்டைக் கீழுதடு வழியாகவோ மூக்குத் துவாரங்கள் வழியாகவோ முள்ளில் கோத்து, முள்ளின் நுனி முழுவதும் வெளியே தெரியும்படி விடுங்கள். நுனியைச் சதைக்குள் ஒளிக்கத் தேவையில்லை, கெளுத்தி அதைப் பார்த்துப் பயப்படப் போவதில்லை. ஒளித்துவிட்டால் வாயில் குத்தாது.

முள் வட்டமாக உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள்ளாக இருக்கட்டும். தூண்டில் நரம்பில் நடுவில் துளையுள்ள ஈயக்குண்டைக் கோர்த்து, அதன் கீழே ஒரு சுழலி (நரம்பு முறுக்காமல் தானே சுழலும் சின்ன இணைப்பு), சுழலியிலிருந்து ஒன்றரை அடி நரம்பு, அதன் நுனியில் முள். குண்டு தரையில் கிடக்க, மீன் இரையை இழுக்கும்போது நரம்பு குண்டின் துளை வழியாக ஓடும். கனம் தெரியாததால் மீனுக்குச் சந்தேகம் வராது. அடித்தரையில் சேறும் பாசியும் அதிகமென்றால், முள்ளுக்குச் சற்று மேலே ஒரு சின்னத் தக்கையைக் கோர்த்தால் இரை தரையிலிருந்து எழும்பி நிற்கும்.

தடியைத் தாங்கியில் செருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நுனி டொக் டொக்கென்று இரண்டு முறை ஆடும். எடுக்காதீர்கள். மறுபடி ஆடும். அப்போதும் எடுக்காதீர்கள். தடி வளைந்து, வளைந்தபடியே நின்றால் எடுத்துச் சுற்றத் தொடங்குங்கள். நம் ஊரில் தக்கை அமிழ்ந்ததும் வெடுக்கென்று இழுத்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டம். ஆனால் சர்க்கிள் முள் வெடுக்கென்று இழுத்தால் வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். மெதுவாகக் கனம் ஏறும்போதுதான் அது திரும்பி, வாயின் ஓரத்தில் குத்தும். மீன் முள்ளை விழுங்காமல் இருப்பதால் திருப்பி விடவும் சௌகரியம்.

ஒரே இடத்தில் பொழுது சாயும்வரை உட்காராதீர்கள். அரைமணி நேரத்தில் ஒரு டொக்காவது வரவில்லை என்றால் நடந்து இடம் மாறுங்கள், ஐம்பது அடி தள்ளியாவது போடுங்கள். பசியுள்ள கெளுத்தி பக்கத்தில் இருந்தால் அதற்குள் வாசனை பிடித்திருக்கும்.

பிடித்த பிறகு

கெளுத்தி முள் குத்தினால் எப்படி இருக்கும் என்று நம்மில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதுகுத் துடுப்பில் ஒன்று, மார்புத் துடுப்புகளில் இரண்டு, ஆக மூன்று முட்கள். பயந்தால் அவற்றை விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். குத்தினால் லேசான விஷம் ஏறிக் கடுக்கும். பெரிய மீனைவிட விரல்நீளக் குஞ்சின் முள்தான் ஊசிக்கூர்மை. மீசை ஒன்றும் செய்யாது, தாராளமாகத் தொடலாம். நடுத்தர மீனைப் பிடிக்க, மார்புத் துடுப்புகளுக்குப் பின்னால் உள்ளங்கையைக் கொடுத்து, அந்த முட்கள் அசையாமல் அடக்கித் தூக்க வேண்டும்.

டெக்ஸோமாவில் கரை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில உரிமம் வேண்டும், அல்லது இரு பக்கமும் செல்லும் டெக்ஸோமா ஏரி உரிமம் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்ற விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்பும் முன் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துவிடுங்கள். பெரிய புளூவைத் திருப்பி விட்டுவிடச் சொல்வேன். அந்த அளவு வளரப் பல ஆண்டுகள் பிடித்திருக்கும், சமையலுக்கும் அது அவ்வளவு நன்றாக இருக்காது.

குழம்புக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோவுக்குள் இருக்கும் மீன் சரி. பிடித்ததும் ஐஸில் போடுங்கள். தலையைச் சுற்றித் தோலைக் கீறி, குறடால் பிடித்து வால்வரை உரித்துவிட வேண்டும். சதைத் துண்டின் பக்கவாட்டில் செம்பழுப்பாக ஒரு கோடு ஓடும். மண்வாசம் அடிப்பதாகச் சொல்வது பெரும்பாலும் அதனால்தான். கத்தியால் அதைச் சீவி எடுத்துவிட்டுப் புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து வையுங்கள். குடலைக் குப்பையில் போடுவதற்கு முன் இரைப்பையை மட்டும் ஒரு கீறு கீறிப் பாருங்கள். உள்ளே ஷாட்டா, சிப்பியா, மண்புழுவா, மல்பெரியா என்று தெரிந்துகொண்டால், அடுத்த வாரம் எந்தக் கரைக்கு எதை எடுத்துக்கொண்டு போவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.